ஒரே பெயர், இரண்டு பொறுப்பு: ஏர் மார்ஷல் என்பவர் யார்?

ஏர் மார்ஷல் ஒருவர் விமானப்படையின் ஒரு பிராந்தியத்துக்குத் தளபதியாகப் பொறுப்பேற்றார் என்று ஒரு செய்தி வரும். அதே வாரத்தில், நடுவானில் ஆபத்தாக நடந்துகொண்ட பயணியை ஏர் மார்ஷல் ஒருவர் மடக்கிப் பிடித்தார் என்று இன்னொரு செய்தி வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். படைத்தளபதி எதற்காகப் பயணிகள் விமானத்தில் போய் ஒருவரை மடக்குகிறார்?

செய்தியில் தவறில்லை. இரண்டு பேரும் வேறு வேறு. முதலாமவர் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றில் இருப்பவர். அவர் சீருடையின் கைமுனையில் ஓர் அகலப் பட்டையும் அதன்மேல் இரண்டு குறுகிய பட்டைகளும் இருக்கும். பார்த்தவுடனே அடையாளம் தெரியும். இரண்டாமவருக்குச் சீருடையே கிடையாது. உங்கள் பக்கத்து இருக்கையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தாலும் அவர் யாரென்று உங்களுக்குத் தெரியக்கூடாது. இவரை ஸ்கை மார்ஷல் என்றும் சொல்வார்கள். சட்ட ஆவணங்களில் இவருக்கு 'விமானத்துள் பாதுகாப்பு அலுவலர்' என்ற பெயர்.

மார்ஷல் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால் பழைய ஜெர்மானிய மொழிகளில் போய் நிற்கும். குதிரையைக் குறிக்கும் ஒரு சொல்லும் பணியாளைக் குறிக்கும் ஒரு சொல்லும் சேர்ந்து, குதிரை லாயத்தைக் கவனிப்பவர் என்ற பொருளில் பிறந்த சொல் அது. குதிரைகள் யார் பொறுப்பில் இருந்தனவோ அவரிடம்தான் குதிரைப்படையும் மெல்ல வந்து சேர்ந்தது. அதனால் ஐரோப்பிய அரசவைகளில் அந்த லாயக்காரரின் பட்டம் படைத்தளபதியின் பட்டமாக உயர்ந்தது. அதே சொல் இன்னொரு பக்கம் கிளைத்து, அவையில் ஒழுங்கு காப்பவர், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுபவர் என்ற பொருளையும் பெற்றது. அமெரிக்காவில் 1789-ல் உருவான கூட்டாட்சி மார்ஷல்கள் இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தவர்கள். படையதிகாரியான ஏர் மார்ஷல் முதல் கிளை; விமானத்துக்குள் இருப்பவர் இரண்டாவது கிளை.

படைப் பதவியின் கதை சுருக்கமானது. 1918 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் தன் தரைப்படையின் விமானப் பிரிவையும் கடற்படையின் விமானப் பிரிவையும் இணைத்து ராயல் ஏர் ஃபோர்ஸை உருவாக்கியது. தொடக்கத்தில் தரைப்படைப் பதவிப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். 1919 ஆகஸ்டில் விமானப்படைக்கென்று தனிப் பெயர்கள் வந்தன. ஏர் கமடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல், ஏர் சீஃப் மார்ஷல் என்ற வரிசை அப்போது அமைந்ததுதான். ஏர் மார்ஷல் என்பது மூன்று நட்சத்திரப் பதவி. தரைப்படையில் லெப்டினன்ட் ஜெனரலுக்கும் கடற்படையில் வைஸ் அட்மிரலுக்கும் அது சமம். பிரிட்டனின் வழிவந்த இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விமானப்படைகளில் இன்றும் இதே வரிசைதான். அமெரிக்க விமானப்படையில் இந்தப் பெயர் கிடையாது. அங்கே லெப்டினன்ட் ஜெனரல் என்றே சொல்வார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்தப் பதவியில் இருப்பவர் பெரும்பாலும் விமானம் ஓட்டுவதில்லை. விமானங்கள், ரேடார்கள், ஏவுகணைகள், ஆட்கள், எரிபொருள் எல்லாம் சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. இந்திய விமானப்படையில் டெல்லி, ஷில்லாங், பிரயாக்ராஜ், காந்திநகர், திருவனந்தபுரம் ஆகிய இடங்களைத் தலைமையிடமாகக் கொண்ட ஐந்து போர்ப்பிரிவுகள் உண்டு. பெங்களூருவில் பயிற்சிப் பிரிவும் நாக்பூரில் பராமரிப்புப் பிரிவும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஏர் மார்ஷல் பதவியில் இருப்பவர். 1966 வரை விமானப்படைத் தளபதியே ஏர் மார்ஷல்தான். 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்மு காஷ்மீரின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறியபோது, விமானப்படை எவ்வளவு நேரத்தில் உதவிக்கு வரும் என்று பாதுகாப்பு அமைச்சர் கேட்டார். ஏர் மார்ஷல் அர்ஜன் சிங் ஒரு மணி நேரம் என்றார். அன்று மாலையே விமானங்கள் போயின. ஒரு கேள்வி, ஒரு பதில், அதன்பின் பல தளங்களில் பல நூறு பேர் இயங்கினார்கள். ஏர் மார்ஷலின் அதிகாரம் இப்படித்தான் செயல்படும்: மேலிருந்து ஆணை வாங்கி, கீழே பரவச் செய்து, எழுத்தில் பதிவாகி நடக்கும்.

விமானத்துக்குள் இருக்கும் மார்ஷலுக்கு இதில் எதுவும் இல்லை. நடுவானில் மேலதிகாரியைத் தொடர்புகொள்ள நேரமிருக்காது. துணைக்கு வரப் படையும் இல்லை.

இருவரும் சந்தித்த இடம்

இந்த இரண்டு கிளைகளும் ஒரு மனிதரிடம் ஒருமுறை சந்தித்தன. பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1936-ல் தேறியவர். கறுப்பினத்தவர் என்பதால் நான்கு ஆண்டுகளும் உடன் படித்தவர்கள் அவரிடம் பேசவே இல்லை. அறைத்தோழர் கிடையாது, சாப்பிடும்போதும் தனியாகத்தான். அந்த மௌனத்தைத் தாங்கி வெளியே வந்தவர், இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானிகள் எனப்பட்ட கறுப்பின விமானிகளுக்குத் தலைமை தாங்கினார். 1970-ல் லெப்டினன்ட் ஜெனரலாக, அதாவது பிரிட்டிஷ் வழக்கில் சொன்னால் ஏர் மார்ஷலுக்கு இணையான பதவியில், ஓய்வு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அதிபர் நிக்சனின் அரசு அவரை அழைத்தது. பயணிகள் விமானங்களில் ஆயுதம் தாங்கிய காவலர்களை ஏற்றும் புதிய திட்டத்துக்கு அவரைத் தலைவராக்கியது.

ஏன் அவ்வளவு அவசரம்? 1961 மே மாதத்தில் முதல் அமெரிக்கப் பயணிகள் விமானம் கியூபாவுக்குக் கடத்தப்பட்டது. 1962 மார்ச்சில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 18 பேருக்குப் பயிற்சி கொடுத்து 'அமைதி அலுவலர்கள்' என்று பெயர் வைத்தது. அமெரிக்க ஏர் மார்ஷல் சேவையின் தொடக்கம் அதுதான். ஆனால் பதினெட்டுப் பேரால் என்ன செய்ய முடியும்? 1969-ல் மட்டும் உலகம் முழுவதும் 80-க்கும் மேற்பட்ட கடத்தல் முயற்சிகள் நடந்தன. பலவற்றில் பயணிகள் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் இறங்கி, ஓரிரவு தங்கி, திரும்பி வந்தார்கள். அதனால் விமான நிறுவனங்கள் அதை ஒரு தொல்லையாகவே கருதின. பயணிகளைச் சோதித்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சின.

இஸ்ரேலுக்கு அந்த வசதி இல்லை. 1968 ஜூலை 23 அன்று ரோமிலிருந்து டெல் அவிவ் புறப்பட்ட, இஸ்ரேலிய நிறுவனமான எல் அல்லின் விமானம் அல்ஜியர்ஸுக்குக் கடத்தப்பட்டு, கடைசிப் பிணைக்கைதிகள் விடுபட ஏறத்தாழ 40 நாள் ஆனது. அதன்பின் எல் அல் விமானங்களில் காவலர்கள் ஏறினார்கள். 1969 பிப்ரவரியில் சூரிக் விமான நிலையத்தில் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த எல் அல் விமானத்தின் மீது நான்கு பேர் தானியங்கித் துப்பாக்கிகளால் சுட்டார்கள். உள்ளே இருந்த காவலர் கைத்துப்பாக்கியுடன் கீழே குதித்து, சுட்டவர்களில் ஒருவரைக் கொன்றார். சுவிட்சர்லாந்து அவர் மீது வழக்குப் போட்டது. பின்னர் விடுதலை செய்தது. வேறொரு நாட்டு மண்ணில், எந்தச் சட்டத்தின்கீழ் அவர் சுட்டார்? அந்தக் கேள்விக்கு உலகம் பதில் எழுத இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆகும்.

1970 செப்டம்பர் 6, எல்லாவற்றையும் மாற்றிய நாள். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி என்ற ஆயுத அமைப்பு ஒரே நாளில் நான்கு விமானங்களைக் குறிவைத்தது. இரண்டு ஜோர்தான் பாலைவனத்தில் இறக்கப்பட்டன. ஒன்று கெய்ரோவில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நான்காவது, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் போன எல் அல் விமானம். அதில் ஏற வந்த நான்கு பேரில் இரண்டு பேரைச் சந்தேகத்தின் பேரில் ஏற்றவில்லை. அந்த இருவர்தான் போய், பின்னர் கெய்ரோவில் தகர்க்கப்பட்ட அந்த விமானத்தைக் கடத்தினார்கள். மீதி இரண்டு பேர், பேட்ரிக் அர்கெயோவும் லைலா காலிதும், எல் அல் விமானத்தில் எழுந்து விமானி அறையைத் திறக்கச் சொன்னார்கள். விமானி யூரி பார்லெவ் கதவைத் திறக்கவில்லை. விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிச் செங்குத்தாகப் பாயவிட்டார். பெல்ட் போட்டிருந்த பயணிகள் இருக்கையோடு இருந்தார்கள். நின்றுகொண்டிருந்த கடத்தல்காரர்கள் நிலை தடுமாறினார்கள். அர்கெயோ எறிந்த கையெறிகுண்டு வெடிக்கவில்லை. காவலரின் குண்டு பட்டு அவர் இறந்தார். லைலா காலித் பிடிபட்டார். விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது.

இந்த நிகழ்வை ஸ்கை மார்ஷலின் வெற்றியாகவே பலரும் சொல்வார்கள். வரிசையாக எண்ணிப் பாருங்கள்: தரையில் இரண்டு பேரைத் தடுத்த பாதுகாப்பு ஊழியர், கதவைத் திறக்காத விமானி, வெடிக்காத குண்டு, அதன்பிறகுதான் துப்பாக்கி. முன்னால் இருந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அந்தத் துப்பாக்கி போதாமல் போயிருக்கலாம். மார்ஷல்கள் பற்றிய எந்த விவாதத்திலும் நான் மறக்க விரும்பாத வரிசை இது.

நிக்சன் செப்டம்பர் 11 அன்று தன் திட்டத்தை அறிவித்தார். டேவிஸ் பொறுப்பேற்றார். சுங்கத் துறையின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றுப் பறந்தார்கள். ஆனாலும் கடத்தல்கள் தொடர்ந்தன. தினமும் ஆயிரக்கணக்கான விமானங்கள் பறக்கும் நாட்டில் எல்லாவற்றிலும் ஆள் ஏற்ற முடியாது. உண்மையான திருப்பம் 1973 ஜனவரி 5 அன்று வந்தது. அமெரிக்க விமான நிலையங்களில் எல்லாப் பயணிகளும் அவர்களின் கைப்பைகளும் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கடத்தல்கள் சட்டென்று குறைந்தன. மார்ஷல் திட்டம் ஏறக்குறைய கைவிடப்பட்டது. 1985-ல் அமெரிக்க நிறுவனமான டிடபிள்யூஏவின் 847 விமானம் பெய்ரூட்டுக்குக் கடத்தப்பட்ட பிறகு வெளிநாட்டுப் பயணங்களுக்காக அதை மீண்டும் தூசி தட்டி எடுத்தார்கள்.

நடுவானில் சண்டை மூண்டால்

விமானத்துக்குள் துப்பாக்கிச் சண்டை எப்படி முடியும் என்பதற்கு இரண்டு பழைய நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 1972 டிசம்பரில் அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்த ஏழு பேர் முயன்றார்கள். உள்ளிருந்த காவலர்கள் சுட்டார்கள். கையெறிகுண்டு வெடித்து விமானத்தின் உடலில் ஓட்டை விழுந்தது. ஆனாலும் விமானி அதை அடிஸ் அபாபாவிலேயே பத்திரமாக இறக்கிவிட்டார். 1986 கிறிஸ்துமஸ் அன்று பாக்தாதிலிருந்து அம்மான் போன இராக்கி ஏர்வேஸ் விமானத்திலும் காவலர்கள் இருந்தார்கள். அவர்களும் துணிந்து போராடினார்கள். பயணிகள் பகுதியில் ஒரு குண்டும் விமானி அறையில் ஒரு குண்டும் வெடித்தன. விமானம் சவுதி அரேபியாவின் பாலைவனத்தில் விழுந்தது. 106 பேரில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவலர்களின் துணிச்சலில் குறையில்லை. விமானி அறைக்குள் குண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

துப்பாக்கியால் சுட்டால் விமானம் பலூன் போல வெடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றை எஞ்சின்கள் ஓயாமல் செலுத்திக்கொண்டே இருக்கின்றன. வேண்டாத காற்று பின்பகுதியில் உள்ள ஒரு வால்வு வழியே ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த வால்வின் வாயோடு ஒப்பிட்டால் தோட்டா போடும் துளை மிகச் சிறியது; வால்வு கொஞ்சம் மூடிக்கொண்டால் அழுத்தம் சரியாகிவிடும். 1988-ல் ஹவாயில் ஓர் அலோஹா விமானத்தின் மேற்கூரை சில மீட்டர் நீளத்துக்கு அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆனாலும் விமானம் தரையிறங்கியது. உண்மையான ஆபத்து வேறு. அரை மீட்டர் அகல நடைபாதை, இரண்டு பக்கமும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், பயந்துபோய் எழுந்து நிற்கும் குழந்தை. குறி ஒரு சாண் தவறினால் குண்டு போய்த் தைக்கும் இடம் யாரோ ஒருவரின் உடல். ஆகவேதான் மார்ஷல்களுக்கு மற்றக் காவலர்களைவிடக் கடுமையான குறிபார்ப்புத் தேர்வு வைக்கிறார்கள். பழைய விமானங்களின் உடல்களுக்குள் இருக்கைகளை வைத்து அங்கேயே பயிற்சி கொடுக்கிறார்கள்.

துப்பாக்கி இல்லாமலும் முடிந்திருக்கிறது. 1996 அக்டோபரில் மால்டாவிலிருந்து லாகோஸ் போன ஏரோஃப்ளோட் விமானத்தில், நாடு கடத்தப்பட்டவர்களை அழைத்துச் சென்ற ஆஸ்திரியாவின் கோப்ரா அதிரடிப் படையினர் நான்கு பேர் இருந்தார்கள். கத்தியைக் காட்டி விமானியை மிரட்டிய ஒருவரை அவர்கள் மடக்கிவிட்டார்கள். 2012 ஜூனில் சீனாவின் ஹோத்தான் நகரிலிருந்து உரும்ச்சிக்குக் கிளம்பிய விமானத்தில் ஆறு பேர் ஊன்றுகோலைப் பிரித்து உலோகக் கம்பிகளாக்கிக்கொண்டு விமானி அறைக் கதவை இடித்தார்கள். காவலர்களும் பணியாளர்களும் பயணிகளும் சேர்ந்து அவர்களை அடக்கினார்கள். பூட்டிய கதவு கொஞ்ச நேரம் தாங்கியது. ஆட்கள் திரள அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

2001-க்குப் பிறகு

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் பணியிலிருந்த ஏர் மார்ஷல்கள் 33 பேர் மட்டுமே. அவர்கள் வெளிநாட்டுப் பயணங்களுக்கானவர்கள். கடத்தப்பட்ட நான்கு உள்நாட்டு விமானங்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். இப்போது எத்தனை பேர் என்பது ரகசியம். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி என்று பல நாடுகள் சொந்தத் திட்டங்களைத் தொடங்கின.

இந்தியா அதற்கு முன்பே பாடம் கற்றிருந்தது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 814 விமானம் கடத்தப்பட்டு முதலில் அமிர்தசரஸில் இறங்கியது. ஏறத்தாழ 45 நிமிடம் இந்திய மண்ணிலேயே நின்றது. தேசிய பாதுகாப்புப் படை வந்து சேர்வதற்குள், யார் என்ன முடிவெடுப்பது என்று தெளிவாவதற்குள், அது மீண்டும் எழும்பிப் போய்விட்டது. லாகூர், துபாய், கடைசியில் காந்தஹார். ஒரு பயணி கொல்லப்பட்டார். டிசம்பர் 31 அன்று மூன்று சிறைக்கைதிகளை விடுவித்த பிறகே மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். அந்த 45 நிமிடம்தான் ஸ்கை மார்ஷல் தேவை என்ற வாதத்துக்கு வலுவான சான்று என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வரும் உதவி தாமதமாகும்; உள்ளே இருப்பவருக்கு அந்தத் தடை கிடையாது. அதன்பின் தேசிய பாதுகாப்புப் படையிலிருந்தே ஆட்கள் எடுக்கப்பட்டு, ஆபத்து அதிகமென்று கருதப்படும் வழித்தடங்களில் சாதாரணப் பயணிகளாக ஏறத் தொடங்கினார்கள்.

அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும்? தனியாக வருவது அரிது. குறைந்தது இருவர், ஒருவரையொருவர் தெரியாதவர் போல. ஆயுதம் தாங்கியவர் எத்தனை பேர், எந்த இருக்கையில் இருக்கிறார்கள் என்பதைத் தலைமை விமானிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சர்வதேச விதி அப்படி. பயணிகளுக்குத் தெரியாது. பிறகு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தூங்கக்கூடாது. குடிக்கக்கூடாது. ஹெட்போனில் மூழ்கிவிடக்கூடாது. யார் எழுந்து எத்தனை முறை முன்னால் போகிறார், விமானி அறைக் கதவு திறக்கும் நேரத்தில் யார் அதைப் பார்க்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பயணிகள் இருக்கைக்காக அடித்துக்கொண்டாலும் அவர் அநேகமாக எழமாட்டார். அது பணியாளர்களின் வேலை. மேலும், அந்தச் சண்டை அவரை வெளியே கொண்டுவரப் போடப்பட்ட தூண்டிலாகவும் இருக்கலாம். அருகில் ஒருவர் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு, இது என் நேரமா இல்லையா என்று தீர்மானிப்பது எத்தனை கனமான வேலை என்பதை வெளியில் இருப்பவர்கள் லேசில் புரிந்துகொள்ள முடியாது.

அந்தத் தீர்மானம் பிசகும்போது என்ன ஆகும் என்பதை 2005 டிசம்பரில் மயாமி விமான நிலையம் கண்டது. மனநலப் பாதிப்புக்குச் சிகிச்சை எடுத்துவந்த 44 வயதுப் பயணி ஒருவர், நின்றிருந்த விமானத்திலிருந்து பதறி வெளியே ஓடினார். வெடிகுண்டு இருப்பதாகச் சொன்னார் என்று மார்ஷல்கள் தெரிவித்தார்கள். அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்து, உடம்பு சரியில்லாதவர் என்று கத்தினார். விமானத்தையும் நிலையத்தையும் இணைக்கும் நடைவழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பையில் வெடிகுண்டு எதுவும் இல்லை. மார்ஷல்கள் மீது வழக்குப் போடப்படவில்லை. சட்டப்படி அவர்கள் செய்தது சரி என்று முடிவானது. அது சட்டத்தின் முடிவு. மனநலம் குன்றியவரை எப்படி அணுகுவது என்பது குறிபார்த்துச் சுடுவதற்கு ஈடான பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுவானில் ஒருவர் பதறுவதற்குப் பயங்கரவாதத்தைவிட நோயும் பயமும் மதுவும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

இன்னொரு கேள்வி பணம் பற்றியது. அமெரிக்கத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டாலர் செலவானது. இதனால் தாக்குதல்கள் எந்த அளவுக்குத் தடுக்கப்பட்டன என்று காட்டும் தகவல் அந்தத் துறையிடமே இல்லை என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-ல் சொன்னது. காலணியில் வெடிமருந்து வைத்துவந்தவரை 2001 டிசம்பரிலும், உள்ளாடையில் வைத்துவந்தவரை 2009 கிறிஸ்துமஸ் அன்றும் பிடித்தவர்கள் சக பயணிகளும் விமானப் பணியாளர்களும்தான். 2018-ல் வேறொன்றும் வெளிவந்தது. குற்றம் எதிலும் சந்தேகிக்கப்படாத பயணிகளையும் மார்ஷல்கள் பின்தொடர்ந்து, அவர்கள் தூங்கினார்களா, வியர்த்தார்களா என்றெல்லாம் குறிப்பெடுத்து வந்தார்கள். 'அமைதியான வானம்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட அந்தத் திட்டம் 2025-ல் நிறுத்தப்பட்டது. கடத்தலைத் தடுக்க ஏற்றப்பட்டவரை உளவுக்குப் பயன்படுத்தியதுதான் அந்தத் திட்டத்தின் பெரிய பிழை. பொதுமக்கள் அவர் மீது வைத்த நம்பிக்கையை அது கெடுத்தது.

அப்படியென்றால் மார்ஷலே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். எந்த விமானத்தில் இருப்பார் என்று தெரியாமல் இருப்பதே திட்டமிடுபவரின் கணக்கைக் கலைக்கும். அந்தப் பயனை எண்ணிக்கையில் காட்டவே முடியாது. ஆனால் தரைச் சோதனையையும் கதவையும் குறைத்துக்கொண்டு அவரைக் கூட்டுவது வீண். 2003-ல் வலுவூட்டப்பட்ட விமானி அறைக் கதவு உலகம் முழுவதும் கட்டாயமானது. பெரிய விமானங்களைக் கடத்தி ஆயுதமாக்குவதை மிகக் கடினமாக்கியது அதுதான். கதவுக்கும் ஒரு விலை உண்டு. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் துணை விமானி கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதவிட்டார். வெளியே நின்ற தலைமை விமானியால் உடைத்து உள்ளே போக முடியவில்லை. 150 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் மார்ஷல் இருந்திருந்தாலும் கதவின் தவறான பக்கத்தில்தான் நின்றிருப்பார்.

யார் சொல்லி, யார் சுடுவது?

விமானத்துக்குள் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கு. விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963-ன் டோக்கியோ உடன்படிக்கை அதைத் தெளிவாக்கியது. அதில் ஸ்கை மார்ஷல் என்ற ஆளே இல்லை. அதனால் பல ஆண்டுகள் அவர் சட்டத்தின் ஓரத்தில் நின்றார். 2003 இறுதியில் வெளிநாட்டு விமானங்களும் தேவைப்பட்டால் மார்ஷல்களை ஏற்ற வேண்டும் என்று அமெரிக்கா சொன்னபோது, பிரிட்டனிலும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் விமானிகள் சங்கங்கள் வெளிப்படையாக எதிர்த்தன. என் விமானத்தில் எனக்குக் கட்டுப்படாத துப்பாக்கி எதற்கு என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். 2014-ல் மான்ட்ரியலில் எழுதப்பட்டு 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த, டோக்கியோ உடன்படிக்கைக்கான திருத்த நெறிமுறை அதற்குப் பதில் சொன்னது. நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால்தான் ஒருவர் பாதுகாப்பு அலுவலர். விமானி அவரிடம் உதவி கேட்கலாம், அனுமதி தரலாம், கட்டாயப்படுத்த முடியாது. விமானத்துக்கோ பயணிகளுக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விமானியின் அனுமதிக்குக் காத்திராமல் அவர் நடவடிக்கை எடுக்கலாம். சூரிக்கில் குதித்த காவலருக்கு 1969-ல் இல்லாத வரையறை இது.

கடத்தல் அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டால், பொறுப்பு உள்ளே இருக்கும் மார்ஷலிடமிருந்து தரையில் இருக்கும் மார்ஷலுக்குப் போகிறது. பதில் சொல்லாமல் திசைமாறும் பயணிகள் விமானத்தை நோக்கிப் போர் விமானங்களைக் கிளப்புவது வான்பாதுகாப்புக்குப் பொறுப்பான படைத்தளபதிகளின் வேலை. பல நாடுகளில் இதற்கென்றே விமானங்களும் விமானிகளும் இரவும் பகலும் சில நிமிடங்களில் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பறக்கலாம், இறக்கைகளை ஆட்டிச் சைகை காட்டலாம், உள்ளே பார்க்கலாம். அதற்கு மேல்?

2005 ஆகஸ்டில் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் நோக்கி வந்த ஹீலியோஸ் விமானம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கடத்தலாக இருக்குமோ என்று கிரேக்க விமானப்படை இரண்டு எஃப்-16 விமானங்களை அனுப்பியது. விமானி ஒருவர் அருகே போய்ப் பார்த்தார். தலைமை விமானியின் இருக்கை காலியாக இருந்தது. துணை விமானி முன்னால் சரிந்து கிடந்தார். பயணிகள் பகுதியில் ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. கேபின் அழுத்தம் குறைந்து எல்லோரும் மயங்கியிருந்தார்கள். சற்று நேரத்தில் ஒருவர் மட்டும் விமானி அறைக்குள் வந்து உட்காருவது தெரிந்தது. விமானப் பணியாளர்களில் ஒருவர். எரிபொருள் தீர்ந்தது. 121 பேருடன் விமானம் மலைச்சரிவில் விழுவதை எஃப்-16 விமானி பார்த்தார். அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. பயங்கரவாதம் என்று அவசரப்பட்டு யாராவது சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறிய கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானத்தைச் சோவியத் போர் விமானம் வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, சர்வதேச விமானப் போக்குவரத்தின் அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையில் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது: பறக்கும் பயணிகள் விமானம் மீது நாடுகள் ஆயுதம் பயன்படுத்தக்கூடாது. 2001-க்குப் பிறகு அந்த விதியை எல்லோரும் மீண்டும் கவலையோடு படித்தார்கள். அன்று காலை வாஷிங்டன் அருகே இரண்டு எஃப்-16 விமானங்கள் ஏவுகணைகள் இல்லாமலேயே கிளம்பின. தேவைப்பட்டால் கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தை நேரே மோதி வீழ்த்துவது என்பதுதான் அந்த விமானிகளின் திட்டம். ஆனால் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே அந்த விமானத்தின் பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்து எழுந்திருந்தார்கள். விமானம் பென்சில்வேனியாவின் ஒரு வயலில் விழுந்துவிட்டிருந்தது.

2003 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் நகரின் வானளாவிகளுக்கு மேல் ஒருவர் சிறிய விமானத்தைத் திருடி வட்டமிட்ட பிறகு, ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பாதுகாப்பு அமைச்சர் ஆணையிடலாம் என்று 2005-ல் வந்த அந்தச் சட்டம் சொன்னது. சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பயணிகள் விமானத்தின் விமானி. 2006 பிப்ரவரி 15 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. எப்படியும் சாகப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டு, குற்றமற்ற பயணிகளைப் பிறரைக் காப்பாற்றும் வெறும் பொருளாக அரசு நடத்த முடியாது. அது மனித மாண்புக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். அந்த நாட்டில் இன்று, பயணிகள் உள்ளே இருக்கும்வரை போர் விமானி பக்கத்தில் பறந்து வரலாம், சுட முடியாது. மிச்சமிருப்பது நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கும் ஊழியர், பூட்டிய கதவு, இருபதாவது வரிசையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் கூட்டாட்சிக் காவல்துறையின் இரண்டு பேர்.